பண்ருட்டியில் பலா பழுத்தாச்சு!

கோடை விடுமுறை வந்துவிட்டால் பட்டணத்து வீடுகளில் எழும் முதல் கேள்வி என்ன? "ஊட்டியா, கொடைக்கானலா?" என்பதுதான். குழந்தைகள் ஊட்டி என்கிறார்கள். வீட்டு அம்மாள் கொடைக்கானல் என்கிறாள். வீட்டுத் தலைவரோ காலண்டரையும் பாங்குப் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "வேலூரிலே நம்ம அத்தை ஒருத்தி இருக்காளே!" என்று மெல்ல இழுக்கிறார்.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்ல நான் வரவில்லை. ஆனால் வெயிலுக்குப் பயந்து மலைக்கு ஓடாமல், வெயிலை விருந்தாளி மாதிரி வரவேற்கும் ஒரு சீமையைச் சென்ற மாதம் பார்த்துவிட்டு வந்தேன். அதைப் பற்றி உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது.

மூக்கு சொல்லும் ஊர்

விழுப்புரத்தில் ரயில் ஏறி மயிலாடுதுறைப் பாதையில் சென்றால் முதலில் வரும் பெரிய ஊர் பண்ருட்டி. அப்புறம் திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், சிதம்பரம் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். ஒரு காலத்தில் தென்னாற்காடு ஜில்லாவோடு கூட்டுக் குடும்பமாக இருந்த இந்தப் பகுதி, 1993-இல் கடலூர் மாவட்டம் என்று தனிக்குடித்தனம் வந்துவிட்டது.

மற்ற ஊர்களில் ரயில் நின்றால் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துப் பெயர்ப் பலகையைப் படிக்கிறோம். பண்ருட்டியில் அந்தச் சிரமமே கிடையாது. பலாப்பழ வாசனை ஸ்டேஷனுக்கே வந்து நம் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு போய்விடும்! சித்திரையிலிருந்து ஆனி முடிய ஊரெங்கும் இதே மணம்தான். கடைவீதியில், சாலையோரத்தில், மரத்தடியில், எங்கே பார்த்தாலும் பலாப்பழக் குவியல். கைக்குழந்தை மாதிரி அணைத்துத் தூக்கக் கூடிய பழமும் உண்டு. இரண்டு ஆள் தோள் கொடுக்க வேண்டிய பழமும் உண்டு. லாரி லாரியாகச் சென்னைக் கோயம்பேட்டுக்கும், அதையும் தாண்டி வெளி மாநிலங்களுக்கும் புறப்படுகின்றன.

இங்குள்ள செம்மண்ணும் வெயிலும் சேர்ந்துதான் சுளையைத் தேனாக்குகின்றன என்பது ஊராரின் கட்சி. பண்ருட்டிப் பலாவுக்கும் பண்ருட்டி முந்திரிக்கும் 2025-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறு ஊர்ப் பழத்தை இந்தப் பெயர் சொல்லி விற்கக் கூடாது என்று சட்டமே காவல் நிற்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்களேன்!

பழம் வாங்கும் கலையையும் அங்கேயே கற்றுக்கொண்டேன். இல்லத்தரசிகளுக்கு உபயோகப்படலாம். முள் நெருக்கமாகவும் கூராகவும் இருந்தால் காய் இன்னும் முற்றவில்லை. முள் அகன்று மழுங்கியிருந்தால் நல்லது. விரலால் தட்டினால் 'டொக் டொக்' என்று அடங்கிய ஓசை வரவேண்டும். அப்புறம் மூக்கு இருக்கவே இருக்கிறது! பழத்தை அரியும் முன் கையிலும் கத்தியிலும் எண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. தெரிந்தும் மறந்துவிட்டு, பிசினோடு ஒரு நாள் முழுவதும் மல்யுத்தம் செய்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

ஆயாவின் கொல்லை

புளியமரத்தடியில் பழம் விற்றுக்கொண்டிருந்த ஒரு மூதாட்டியிடம் போய் நின்றேன். இந்தப் பக்கத்தில் பாட்டியை 'ஆயா' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஆயா, பழம் இனிக்குமா?"

"இனிக்காட்டி திருப்பிக் குடுத்துடு தம்பி. ஆனா தின்னு தீத்துட்டுக் குடுக்காதே!"

"உங்கள் தோட்டத்துப் பழமா?"

"தோட்டம் ஏது? கொல்லையில ஒத்த மரம். எம் பேத்தி வச்சது."

எனக்குச் சிரிப்பு வந்தது. "தாத்தா வைத்த மரத்தில் பேரன் பழம் தின்பான் என்று சொல்வார்கள். உங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழாக இருக்கிறதே ஆயா!" என்றேன்.

ஆயா உடனே பதில் சொல்லவில்லை. கையிலிருந்த சுளையைப் பிய்த்து, நாரை நீக்கி, கொட்டையைத் தனியே ஒரு கிண்ணத்தில் போட்டாள்.

"தாத்தா வச்ச மரமும் இருந்துச்சு தம்பி. எம் மாமனார் வச்சது, நாலு மரம். புயல்ல போச்சு."

புயல் என்று அவள் சொன்னது 'தானே' புயலை. 2011 டிசம்பர் 30-ஆம் தேதி காலையில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே அது கரையைக் கடந்தது. மணிக்குச் சுமார் 140 கிலோமீட்டர் வேகம். நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டு போனார்கள். கிராமங்கள் பலவற்றில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. முந்திரி பூவெடுக்கும் காலம் அது. பூவும் பிஞ்சும் போனால் ஒரு வருஷ நஷ்டத்தோடு போகும். இங்கே மரங்களே வேரோடு சாய்ந்தன. ஆயிரக்கணக்கான ஏக்கரில் முந்திரிக் காடுகளும் பலாத் தோப்புகளும் ஒரே நாளில் விறகாகிவிட்டன.

நெல் போனால் அடுத்த போகத்தில் நட்டுக்கொள்ளலாம். பலா போனால்? கொட்டை ஊன்றி வளர்த்த பலா காய்ப்பதற்கு ஐந்து முதல் எட்டு வருஷம் ஆகும். ஒட்டுக் கன்று என்றால் மூன்று நான்கு வருஷம். நிறையக் காய்த்துக் குடும்பத்துக்கு ஒரு தூணாக நிற்க அதற்கும் மேலே ஆகும். பலா மரம் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் பாங்கில் போட்டு வைத்த பணம் மாதிரி. பெண்ணின் கல்யாணம், பிள்ளையின் படிப்பு எல்லாம் அந்த மரத்தின் உடம்பில்தான் காய்த்துத் தொங்கும்.

"விடிஞ்சு காத்து நின்னப்புறம் கதவைத் தொறந்தேன். கொல்லை முச்சூடும் வெளிச்சம்! கல்யாணம் ஆகி வந்த நாளா அந்தக் கொல்லையில அவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லே தம்பி" என்றாள் ஆயா.

நிழலில் வாழ்ந்தவளுக்கு வெளிச்சமும் ஒரு துக்கமாகும் என்று அன்றுதான் நான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த கோடையில் அந்த வீட்டில் பழம் இல்லை. உறவுக்காரர் யாரோ வெளியூரிலிருந்து ஒரு பழம் கொண்டுவந்து கொடுத்தார்களாம். அப்போது ஒன்றாம் வகுப்பு முடித்திருந்த பேத்தி, சுளையைத் தின்றுவிட்டுக் கொட்டையை எடுத்துக்கொண்டு போய், பழைய மரம் வேரோடு பிடுங்கிய பள்ளத்திலேயே ஊன்றிவிட்டாள்.

"நாளாகும்னு அதுக்குத் தெரியுமா? தெனம் காலையில எந்திரிச்சுப் போயி, பழம் வந்திருக்கான்னு பார்க்கும்!" என்று சொல்லி ஆயா பொக்கை வாயைத் திறந்து சிரித்தாள். பேத்தி உயர்நிலைப் பள்ளிக்கூடம் போன பிறகுதான் மரம் முதல் காயைக் காட்டியதாம்.

புயலுக்குப் பிறகு இப்படித்தான் இந்தப் பகுதி மறுபடியும் பச்சை பிடித்தது. பக்கத்தில் பாலூரில் காய்கறி ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. இந்த வட்டாரத்துப் பலாவிலிருந்தே தேர்ந்தெடுத்து 'பாலூர் 1' போன்ற ரகங்களை வெளியிட்டது அதுதான். ஒட்டுக் கன்று வாங்கி வைத்தவர்களும் உண்டு. வெறும் கொட்டையை ஊன்றிவிட்டுக் காத்திருந்தவர்களும் உண்டு.

அந்தப் பேத்தி இப்போது எங்கே என்று கேட்டேன். சிதம்பரத்தில், அண்ணாமலைப் பல்கலைக் கழகத்தில் விவசாயப் படிப்புப் படிக்கிறாளாம். பரீட்சை இருப்பதால் பழத்துக்கு ஊர் வர முடியவில்லையாம். நானும் சிதம்பரம் போகிறேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அவ்வளவுதான்! மறுநாள் காலையில் என் கையில் ஒரு பழம் ஏறிவிட்டது.

"சின்னப் பழம்தான் தம்பி. நாளைக்குப் பதமாயிடும். சுளையைத் தின்னுட்டுக் கொட்டையைத் தூக்கி எறியாம வச்சிருக்கச் சொல்லு!"

ஆயா 'சின்னப் பழம்' என்று சொன்னது, மூன்று வயதுக் குழந்தையின் கனம் இருந்தது.

கறுத்த விரல்கள்

பலாவைப் பார்த்துவிட்டு முந்திரியைப் பார்க்காமல் வந்தால் பாவம் அல்லவா? போர்ச்சுக்கீசியர்கள் பிரேஸில் தேசத்திலிருந்து கொண்டுவந்த செடி இது. நம் செம்மண்ணில் வேர் விட்டு நம் ஊர்ப் பெண்ணாகவே ஆகிவிட்டது. பங்குனி, சித்திரை மாதங்களில் கொட்டை பொறுக்கும் வேலை நடக்கும். அதற்கப்புறம் உடைக்கும் வேலை. உள்ளூர்க் கொட்டை போதாமல் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்தும் கப்பலில் வருகிறது.

உடைப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். வரிசையாக உட்கார்ந்து, ஒவ்வொரு கொட்டையாக எடுத்து, பருப்புச் சிதையாமல் ஓட்டைப் பிளக்கிறார்கள். ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பொல்லாதது. பட்ட இடத்தில் தோல் வெந்துவிடும். அதற்காக விரல்களில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்கிறார்கள். அப்படியும் விரல் நுனிகள் கறுத்துப் போகின்றன. அப்புறம் தோல் நீக்க வேண்டும். முழுசு, பாதி, குருணை என்று தரம் பிரிக்க வேண்டும்.

நம் வீட்டுப் பாயசத்தில் பொன்னிறமாக மிதக்கிறதே, அந்த முழுப் பருப்பு, ஒரு சகோதரியின் கறுத்த விரலிலிருந்து வந்தது. அங்கே ஓர் அம்மாள் என்னைப் பார்த்து, "பாதிப் பருப்பும் அதே ருசிதாங்க. பட்டணத்துலதான் முழுசு முழுசுன்னு கேக்கறாங்க" என்றாள். அடுத்த தடவை கடையில் நிற்கும்போது அதை நினைத்துக்கொள்வோமே!

இன்னொரு சங்கதி. நவராத்திரிக்கு நீங்கள் வாங்கும் பண்ருட்டி மண் பொம்மைகளுக்கும் இந்த வெயிலின் தயவு வேண்டும். கொலுவுக்கு நாம் புரட்டாசியில் படி கட்டுகிறோம். களிமண்ணைப் பிசைந்து உருவம் கொடுத்து வெயிலில் காய வைக்கும் வேலை அதற்கு வெகு முன்பே தொடங்கிவிடுகிறது.

தமக்கை காத்திருந்த ஊர்

பண்ருட்டியை ஒட்டினாற்போல் கெடில நதிக்கரையில் திருவதிகை. திரிபுரம் எரித்த கதைக்கு உரிய வீரட்டானம். வைகாசியில் தேர். இந்த ஊர்த் தேரைப் பற்றிச் சொல்லும்போதெல்லாம் எனக்குத் தேரைவிட ஒரு பெண்மணியின் நினைவுதான் முன்னே வருகிறது. அவள் திலகவதியார்.

பக்கத்தில் திருவாமூரில் பிறந்தவள். நிச்சயித்த மாப்பிள்ளை கலிப்பகையார் போர்க்களத்தில் மாண்டார். தாயும் தந்தையும் முன்பே போய்விட்டார்கள். தம்பிக்காக உயிரை வைத்துக்கொண்டாள். அந்தத் தம்பியோ சமணம் தழுவிப் போய்விட்டான். அவள் திருவதிகைக் கோயிலில் அலகிட்டு மெழுகிக் காத்திருந்தாள். சூலை நோய் தாங்காமல் தம்பி திரும்பி வந்த இரவில், அவள் திருநீறு கொடுத்து அழைத்துப் போனாள். அந்தத் தம்பிதான் அப்பர் சுவாமிகள்.

கடலூருக்குப் போனால் கதையின் அடுத்த அத்தியாயம் கிடைக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் எறியப்பட்ட அப்பர் மிதந்து கரையேறிய இடம், கரையேறவிட்டகுப்பம் என்ற பெயரோடு இன்றைக்கும் இருக்கிறது. அவரை வரவேற்ற திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயிலிலும் வைகாசியில்தான் பெருவிழா. பகலெல்லாம் கொளுத்திய வெயில் பிற்பகலில் கடற்காற்று வந்ததும் தணிகிறது. மாலையில் தேவனாம்பட்டினம் கடற்கரையில் ஊரே கூடிவிடுகிறது. நுங்கும் வெள்ளரிப் பிஞ்சும் பட்டாணிச் சுண்டலும் பறக்கின்றன. என் பலாப்பழமும் என்னோடு கடற்காற்று வாங்கியது!

அணையாத அடுப்பு

கடலூரிலிருந்து வடலூருக்குப் பஸ். கண்டக்டர் என்னைப் பார்த்தார். என் மடியைப் பார்த்தார். "சார், கூட வர்றவருக்கும் ஒரு டிக்கெட் எடுத்துடுங்க!" என்றார். பஸ்ஸே சிரித்தது. வாசனையை வேட்டிக்குள் மறைக்க முடியுமா என்ன?

வைகாசி 11 வடலூரில் விசேஷ நாள். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார் இராமலிங்க அடிகள், 1867 மே 23-ஆம் தேதி இங்கே சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். வைகாசி 11 அன்றுதான். சாதி, மதம், ஊர், பேர் எதுவும் கேட்காமல் பசித்தவர்க்குச் சோறு போடும் சாலை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது என்பது இவ்வூரின் பெருமை. எத்தனையோ சாலை ஓரங்களில் எத்தனையோ அன்னதானங்கள் நடக்கின்றன. ஒரு நாள் விசேஷத்தோடு முடிந்துவிடுகின்றன. நூற்றைம்பது வருஷங்களுக்கு மேலாக ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் அந்த அடுப்புக்கு விறகு தள்ளியிருக்கிறார் என்பதை நினைத்துப் பாருங்கள். காலையில் ஒரு வேளை அடுப்பு மூட்டவே நமக்குச் சில நாள் அலுப்பாக இருக்கிறதே!

தில்லைக்கு வந்த பழம்

சாயங்காலம் சிதம்பரம் போய்ச் சேர்ந்தேன். 1929-இல் ராஜா அண்ணாமலைச் செட்டியார் முயற்சியால் உருவான பல்கலைக் கழகம் ஊரின் ஒரு கோடியில். நடராஜர் கோயில் நடுவில். இரண்டுக்கும் இடையே மாணவர்களும் யாத்ரீகர்களும் நெருக்கியடிக்கும் வீதிகள். விடுதி வாசலில் பேத்தி வந்து நின்றாள். என்னைப் பார்க்கவில்லை, பழத்தைத்தான் பார்த்தாள்.

"எங்க மரத்துப் பழம்!" என்றாள். எப்படித் தெரியும் என்று கேட்டேன். "காம்புப் பக்கம் கொஞ்சம் கோணலா இருக்கும் சார். முதல் காய்லேருந்து இப்படித்தான்" என்றாள். பெற்றவளுக்குக் குழந்தையின் அடையாளம் தெரியாதா?

கொட்டையைப் பற்றி ஆயா சொன்னதைச் சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டே ஒரு விஷயம் விளக்கினாள். நெல் விதையைக் காய வைத்துப் பத்திரப்படுத்தலாம். பலாக்கொட்டை அப்படியல்ல. ஈரம் காய்ந்தால் அதன் உயிரும் போய்விடும். சுளையிலிருந்து எடுத்த சில நாட்களுக்குள் ஊன்றிவிட வேண்டும்.

"மரம் நம்மளை வருஷக் கணக்காக் காக்க வைக்கும் சார். ஆனா கொட்டை நமக்காக ஒரு மாசம்கூடக் காத்திருக்காது!" என்றாள்.

இந்தக் கொட்டைகளை அவள் என்ன செய்யப் போகிறாள் தெரியுமா? விடுதியின் பின்பக்கம் மண் நிரப்பிய பைகளில் ஊன்றப் போகிறாள். மூன்று வாரம் ஒரு மாதத்தில் முளை வந்துவிடும். ஆனி உத்திரத்துக்கு ஆயா சிதம்பரம் வருகிறாளாம். அப்போது கன்றாகவே கையில் கொடுத்து அனுப்பிவிடுவாளாம்.

ஆனித் திருமஞ்சனத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லவேண்டுமா? மற்றக் கோயில்களில் மூலவர் கருவறையில் இருப்பார். உற்சவர்தான் வீதிக்கு வருவார். தில்லையில் ஆடும் பெருமானோ, ஆனியிலும் மார்கழியிலும் ஆக இரண்டு முறை, தாமே சிற்சபையை விட்டு இறங்கித் தேரில் ஏறுகிறார். அவருக்கு வருஷத்தில் ஆறு அபிஷேகங்கள்தான். நம்முடைய ஒரு வருஷம் தேவர்களுக்கு ஒரு நாள் என்று கணக்கு. அதில் ஆனி மாதம் மாலைப் பொழுது. விநாயகர், முருகன், அம்பாள், சண்டிகேசுவரர் தேர்களும் சேர்ந்து ஐந்து தேர் நான்கு வீதிகளையும் சுற்றும். அன்று இரவு ஆயிரங்கால் மண்டபத்தில் சுவாமி தங்கி, மறுநாள் விடியற்காலையில் மகா அபிஷேகம். ஊருக்குத் தெரியும் இன்னொரு பிரசாதம், மிளகு போட்ட சம்பா சாதமும் கத்தரிக்காய்க் கொத்சும். அதைச் சாப்பிட்டவர்கள் அடுத்த வருஷத் தேதியை அன்றைக்கே குறித்துக்கொள்கிறார்கள்!

அந்தக் கூட்டத்தில், வடம் பிடித்த கைகளுக்கு நடுவே, இடுப்பில் நாலைந்து பலாக் கன்றுகளை அணைத்துக்கொண்டு ஒரு மூதாட்டி நின்றால், அவள் யார் என்று உங்களுக்குத் தெரியும். கூட்டத்தில் கன்று நசுங்காமல் கொஞ்சம் வழி விடுங்கள்.

பேத்தி எனக்கும் இரண்டு கொட்டைகள் கொடுத்தாள். ஒன்றை என் வீட்டு அம்மாள், நான் சொல்வதற்குள், சாம்பாரில் போட்டுவிட்டாள். ருசியாகத்தான் இருந்தது, மறுப்பதற்கில்லை. மற்றொன்றை மொட்டை மாடித் தொட்டியில் ஊன்றி வைத்தோம். இந்த வாரம் இரண்டு இலை விட்டிருக்கிறது. பண்ருட்டிப் பக்கம் போகும்போது நல்ல மண்ணில் சேர்த்துவிட வேண்டும்.

அதுவரை என்ன? தினமும் காலையில் எழுந்ததும் என் பையன் மாடிக்கு ஓடுகிறான், பழம் வந்திருக்கிறதா என்று பார்க்க!